பக்கத்து வீட்டுக் கிணறு

நான் உடையார்பாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது சாயப்பட்டறை என் கணவர் பொறுப்பில் இருந்தது. நெசவாளர்கள் கொண்டுவரும் நூலுக்குச் சிவப்பும் நீலமும் ஏற்றிக் கொடுப்பது தொழில். கொல்லையில் நான்கு தொட்டிகள். நூலை அலசிய தண்ணீர் ஒரு குழியில் விழும். மிச்சம் தெருச் சாக்கடையில் ஓடும். தெருவே சிவந்து கிடக்கிறது என்று புகார் போய், பஞ்சாயத்து ஆள் வந்து, இனி ஊருக்கு வெளியேதான் கொட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதன்பின் ஒற்றைமாட்டு வண்டிக்காரர் ஒருவரைப் பேசி அமர்த்தினோம். இரண்டு பீப்பாய்களில் கழிவை நிரப்பிக்கொண்டு போய், ஒன்றும் விளையாத களர்நிலத்தில் கொட்டிவிட்டு வருவார். நடைக்கு இவ்வளவு என்று கூலி.

பக்கத்து வீட்டு அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். என் முதல் பிரசவத்தில் கூட இருந்து பார்த்தவள் அவள்தான். இரண்டு கொல்லைக்கும் நடுவே மண்சுவர். அதற்கு அந்தப்புறம் அவர்களுடைய கிணறு. எங்கள் வாசல் கிணறு உப்பு. அவர்கள் தண்ணீரில் பருப்பு பூவாக வெந்துவிடும். தினமும் காலையில் சுவருக்கு மேல் ஒரு குடம் நீட்டுவாள். ஒரு நாளும் நான் கேட்டு வாங்கியதில்லை.

யுத்தம் வந்தது. சீமைச் சாயப்பொடி வரத்து நின்று, கிடைத்ததை வியாபாரிகள் சொன்ன விலைக்கு வாங்கினோம். அந்தச் சமயத்தில் வண்டிக்காரர் வந்து, "பிண்ணாக்கு விக்கிற விலைக்குக் கட்டுப்படி ஆவலைங்க. நடைக்கு ரெண்டணா சேத்துக் குடுங்க" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை.

கணவர் கொல்லைக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நான் சுவரோரம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"அந்தக் குழி சும்மாத்தானே கெடக்கு? கொஞ்ச நாளைக்கு அதுலயே வுடுங்க. வண்டி வேணாம்" என்றேன்.

"கெணறு பக்கத்துல இருக்கேடி."

"முன்ன வுட்டப்ப என்ன ஆயிடுச்சு? யாருக்குத் தெரியப்போவுது?"

முன்பு பாதித் தண்ணீர் தெருவில் ஓடியது. இப்போது தெருவுக்கு விட முடியாததால் முழுவதும் குழிக்குள் இறங்கியது. அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஐப்பசி மழை பிடித்த நாலாம் நாள், அக்கா வாசல் வழியாக வந்தாள். அவள் எப்போதும் சுவருக்கு மேல்தான் பேசுவாள். கையில் ஒரு செம்பு. உள்ளே வெளிறிய நீலத்தில் தண்ணீர்.

"இதப் பாருங்க தம்பி" என்று என் கணவரிடம் நீட்டினாள்.

அவர் செம்பை வாங்கவில்லை. "மழத்தண்ணி கலந்திருக்கும்க்கா. ரெண்டு நாள்ல தெளிஞ்சிடும்" என்றார்.

அக்கா அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டேன்.

மறுநாளே வண்டிக்காரரைத் தேடிப் போய், அவர் கேட்ட கூலிக்கே அழைத்துவந்தார் கணவர். குழியைத் தூர்த்தோம். ஆள் வைத்துக் கிணற்றை இரண்டு முறை இறைத்துக் கொடுத்தோம். நிறம் போயிற்று. ஆனால் வாயில் வைத்தால் சாயத்துக்குப் போடும் சோடாக் காரம் நாக்கைப் பிடித்தது. சோறு மஞ்சளாக வெந்தது. எங்கள் கிணற்றில் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு, தெருக்கோடிப் பொதுக் கிணற்றுக்கு இரண்டு குடத்தோடு நடந்தாள். அவளுக்கு மூட்டுவலி உண்டு. ஜன்னலில் நின்று பார்ப்பேன். கூடப்போய் ஒரு குடம் வாங்கியிருக்கலாம். போகவில்லை.

மறு கோடையில் வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டு, விக்கிரமங்கலத்தில் அக்காவின் தம்பி வீட்டோடு போய்விட்டார்கள். கிணறு கெட்ட வீட்டுக்கு என்ன விலை வரும்? போகிற அன்று என் குழந்தையை மட்டும் தூக்கி முத்தம் கொடுத்தாள்.

மூன்று வருஷம் கழித்து அரியலூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவளைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. "புள்ள நல்லாருக்கா? பட்டற ஓடுதா?" என்று விசாரித்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, வண்டிய நிறுத்தச் சொன்னவ நான்தான். அவரு வேணாம்னுதான் சொன்னாரு."

"தெரியும்" என்றாள். "அன்னைக்கு நான் செவுத்துக்கு அந்தாண்ட துணி தொவைச்சிட்டிருந்தேன். நீ சொன்னது கேட்டுச்சு."

"அப்பவே ஏன்க்கா கேக்கல?"

"ரெண்டு நாள்ல நீயே மனசு கேக்காம நிறுத்திடுவேன்னு நெனச்சேன். அப்பறம் செம்பத் தூக்கிட்டு வந்தப்பவாச்சும் சொல்லுவியான்னு பாத்தேன். நீ உள்ள போயிட்ட."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அழுதிருப்பேன். பஸ் வந்தது. அவள் கைப்பையைத் தூக்கிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். "போயிட்டு வரேன்" என்று சொல்லி ஏறியவள், ஜன்னலோரம் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.