கொழும்புத் துறைமுகத்தில் நெரிசல் குறைந்த மாதம்

அன்று காலை பண்டாரவளை ரயில் ஸ்டேஷனில் சரக்கு வாங்கும் குட்ஷெட் முன்னால் இருந்தவர்கள் என் அப்பா, நான், எங்கள் இரண்டு மாடுகள், எங்களைப் போலவே மாட்டுவண்டியில் தேயிலை ஏற்றி வந்து வரிசையில் நின்ற மற்றக் கரத்தைக்காரர்கள், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் குட்ஷெட் கிளாக்கர். இல்லாதவர்கள், தேயிலைக்குப் பொறுப்பான தோட்டத்துத் துரை, அதை எங்கள் கரத்தையில் ஏற்றி அனுப்பிய கணக்கப்பிள்ளை, இனித் தேயிலையை வாங்கக் கூடாது என்று கொழும்பிலிருந்து உத்தரவு போட்டவர்கள். மழை பெய்துகொண்டிருந்தது.

சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை எல்லோருக்கும் வாசித்துச் சொன்னது நான். அந்த வரிசையில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சீமையில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கப்பல்களெல்லாம் சண்டைக்குப் போய்விட்டதால் கொழும்புத் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகள் ஏற்றக் கப்பலின்றிக் குவிந்து, ஜெட்டிக்குப் போகும் தெருக்களில் வண்டிகள் நகர முடியாமல் நின்றனவாம். அந்த நெரிசலைக் குறைப்பதற்காக மலைநாட்டு ஸ்டேஷன்களில் தோட்டம் தோட்டமாக முறை வைத்துத்தான் இனிப் பெட்டி வாங்குவார்கள். முறை எப்போது என்று கொழும்பிலிருந்து தந்தி வரும். அதுவரை குட்ஷெட்டுக்குள் ஒரு பெட்டியும் வைக்கக் கூடாது.

எங்களுக்கு முன்னால் நின்ற கரத்தைக்காரர் பெரகலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு ஓட்டுபவர். அவர் கேட்டார்:

"அப்ப கொழும்புல நெரிசல் கொறஞ்சிரும்ங்கிற. இங்க?"

"இங்கயப் பத்தி ஒண்ணும் எழுதலண்ணே."

"எப்புடி எழுதுவான்? நாம என்ன கப்பலா?"

நான் ஜன்னலருகே போய், மனதுக்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்த வாக்கியங்களை இங்கிலீஷில் சொன்னேன். வழியில் இரண்டு நாள் வந்திருக்கிறோம், மாடுகளுக்குக் குளிர், பெட்டிகள் நனையும் என்றேன். கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தமிழில் பதில் சொன்னார்.

"உம்மட இங்கிலீசு நல்லாயிருக்கு தம்பி. எந்தப் பள்ளிக்கூடம்?"

"பதுளை மிஷன் பள்ளிக்கூடங்க."

"நல்லது, வடிவாப் படியும். பெட்டி எடுக்க ஏலாது. எடுத்தா என்ர வேலை போயிடும்."

திரும்பி வந்தபோது அப்பாவின் முகம் மலர்ந்திருந்தது. "சிரிச்சு சிரிச்சுப் பேசுனாரே, எடுத்துக்கிறாராமா?" என்றார். எடுத்தால் தன் வேலை போய்விடும் என்று அவர் சொன்னதைச் சொன்னேன்.

திரும்பிப் போகவும் வழியில்லை. ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரிலும் பெட்டி வைக்க இடமில்லாமல்தான் எங்களை அவசரமாக அனுப்பியிருந்தார்கள். "திருப்பிக் கொண்டாந்தியோ, இனி ஒனக்குக் கூலியும் இல்ல, லோடும் இல்ல" என்று கணக்கப்பிள்ளை சொல்லியிருந்தார். ஸ்டோரில் பெட்டியை ஏற்றும்போது அப்பா கைநாட்டு வைப்பார். அதன்பிறகு குட்ஷெட்டில் ஒப்படைக்கும்வரை பெட்டிக்கு எது நேர்ந்தாலும் அவர்தான் பொறுப்பு.

அந்தக் கரத்தையும் மாடுகளும்தான் எங்களைத் தோட்டத்துக் கூலிகளின் லயத்துக்கு வெளியே வைத்திருந்தன. அப்பா விடியற்காலையில் தப்புச் சத்தம் கேட்டதும் பெரட்டுக்கு ஓடி, கங்காணி பெயர் கூப்பிடும்வரை பனியில் நின்று வளர்ந்தவர். பல வருஷம் வயிற்றைக் கட்டிக் கரத்தை வாங்கினார். பதுளையில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். கரத்தை போனால் வீடு போகும், பள்ளிக்கூடம் போகும். அப்பா, அம்மா, நான் மூன்று பேருக்கும் இது தெரியும். ஒருநாளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

முன்பெல்லாம் பெட்டிக்கு உள்ளே ஈயத்தகடு வைத்து ஒட்டியிருக்கும். ஈயமும் சண்டைக்குப் போய்விட்டதால் அந்த வருஷம் கெட்டிக் காகிதம்தான். அப்பா தார்ப்பாயின் கிழிசல்களில் சாக்கைச் செருகினார். தான் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்து ஓரத்துப் பெட்டிகள்மேல் போட்டார். மாடுகள் நடுங்கிக்கொண்டு நின்றன. மறுநாளும் தந்தி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மழையும் விடவில்லை.

நாங்கள் வழக்கமாக மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கும் முஸ்லிம் கடைக்காரர், எங்களுக்கு நானா, குடை பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். கடைத்தெருவில் கருவாடும் புண்ணாக்கும் விற்பவர். வரிசையைப் பார்த்து நின்றார்.

"என்ன வண்டிக்காரரே, தேயிலைய இங்கயே ஊறவச்சுக் குடிக்கிற யோசனையா?"

"சீனி மட்டும் நீங்க குடுத்துருங்க நானா" என்றார் அப்பா.

நானா சிரிக்கவில்லை. கரத்தையைச் சுற்றி வந்து, ஓரத்தில் ஒழுகிய தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தார். "கடைக்குப் பின்னால அறை காலியா ஈக்கி. ஒரு பொட்டும் ஒழுகாது. கருவாட்டு மூட்டை எல்லாம் வித்து முடிஞ்சிரிச்சி. புதுச் சரக்கு அந்தக் கொழும்புலதான் மாட்டிக்கிட்டு ஈக்கி. கொண்டு வந்து எறக்குங்க" என்றார்.

அப்பா உடனே போய்ப் பார்த்தார். கதவைத் திறந்ததும் நெடி முகத்தில் அடித்தது.

"வேணாங்க நானா. தூளு மணத்தப் புடிச்சிரும். ஸ்டோருக்குள்ள எங்கள வெங்காயம் கடிக்கக்கூட வுடமாட்டாங்க."

"மணம்தானே? போக்கிக் காட்டுறேன், பாருங்க."

நானாவின் கடை ஆட்களும் நாங்களும் தரையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தோம். கரி அடுப்பு வைத்துக் காயவிட்டோம். அப்படியும் நெடி போகவில்லை. நானா வீட்டுக்குச் சொல்லியனுப்பி ஒரு பெரிய பொட்டலம் சாம்பிராணி வரவழைத்தார். "எங்க வூட்டுல புள்ள பொறந்தாலும் இதுதான், மவுத்தானாலும் இதுதான். கருவாடு என்ன பெரிய கருவாடு?" என்று சொல்லித் தணலில் அள்ளிப் போட்டார். எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை தவறாமல் போடுவதுதான். புகை சுவர்ப் பொந்துகளிலெல்லாம் நுழைந்தது. கதவைத் திறந்தபோது கருவாடு இருந்த இடமே தெரியவில்லை.

பெரகலக்காரர் மூக்கை நுழைத்துப் பார்த்தார். "சாமிய வச்சுக் கும்பிடலாம் போலருக்கே!"

"ஒங்க பெட்டியையும் எறக்குங்கண்ணே. பாதி பாதி வச்சுக்கலாம்" என்றார் அப்பா.

"என்னால ஆகாதுப்பா. எறக்கி ஏத்த எனக்கு இடுப்பு இல்ல. நனஞ்சா நனயட்டும், விதி."

எங்கள் பெட்டிகளை அந்த அறையில் அடுக்கினோம். காலையும் மாலையும் நானாவே வந்து தணலைக் கிளறிப் புதிதாகச் சாம்பிராணி போட்டார். அப்பா ஒவ்வொரு தடவையும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அறைக்குள் இருந்த எங்களுக்கு அந்த மணம் கொஞ்ச நேரத்திலேயே பழகிப்போயிற்று. நல்ல மணமும் மணம்தான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒருவழியாக எங்கள் தோட்டத்துக்கு முறை வந்தது. கிளாக்கர் பெட்டிகளைத் தடவித் தடவிப் பார்த்தார். "ஒண்டும் நனையேல்லை. கெட்டிக்காரர்தான்" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். பதுளைக்கு இறங்கும் வழியெல்லாம் அப்பா மாடுகளோடு பேசிக்கொண்டே வந்தார். அந்தக் கிளாக்கரைப் போல நானும் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்காரப் போவதாக மாடுகளிடம் சொன்னார்.

சில வாரம் கழித்துக் கணக்கப்பிள்ளை ஆள் அனுப்பினார். நானும் கூடப் போனேன்.

"தூளக் கொண்டுபோய் எந்தக் கோயில்ல வச்சிருந்த?" என்றார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. "கோயிலா? மழைக்கு நானா கடையில வச்சிருந்தேங்க."

"கொழும்புல ருசி பாக்குற வெள்ளக்காரன் ஒரு வாய் குடிச்சுட்டுத் துப்பிட்டானாம். பூசை பண்ணுன தண்ணியாட்டம் இருக்குதாம். ஒனக்கு யாருய்யா சாம்பிராணி போடச் சொன்னா?"

துரையிடம் நான்தான் பேசினேன். அவர் கோபப்படவில்லை. அது எனக்கு அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது. தேயிலை பாதி விலைக்குப் போய்விட்டது, அந்த நஷ்டம் பொறுப்பேற்றவருடையது என்றார். மழையையும் அறிவித்தலையும் சொன்னேன். "ரயில்வே வாங்காமல் நிறுத்தி வைத்தபோது கரத்தையிலேயே நனைந்திருந்தால் அவர்களிடம் நஷ்டம் கேட்டிருப்பேன். நீங்களாக இறக்கி வேறிடத்தில் வைத்தது உங்கள் பாடு" என்றார். அது உண்மைதான். பெரகலக்காரரின் பெட்டிகளில் பாதி நனைந்துபோயின. அவருடைய துரை ரயில்வேக்கு எழுதினார். பெரகலக்காரரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

துரை சொன்னதை நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை அப்பா தலைப்பாகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். "நனயாமத்தான குடுத்தேன்னு சொல்லுடா" என்றார். சொன்னேன். துரை தலையாட்டினார். நாங்கள் வெளியே வந்தோம்.

விஷயம் கேள்விப்பட்டு நானா பதுளைக்கு வந்து, ஒரு துணி முடிச்சில் பணம் கொண்டுவந்து வைத்தார். அப்பா அதைத் தொடவில்லை. "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க நானா. இத வாங்குனா அதுவும் கெட்டுப்போயிரும்" என்றார். நானா வாசலில் நின்று அழுதார். அம்மா தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுப் போனார்.

அந்த மாதம் பள்ளிக்கூடத்துக்கு வந்த பத்திரிகையில், மலைநாட்டுச் சரக்கை முறைப்படுத்தியதால் கொழும்புத் துறைமுகத்தில் நெரிசல் வெகுவாகக் குறைந்திருக்கிறது என்று போட்டிருந்தது. இரண்டு தடவை வாசித்தேன். உண்மையாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் நான் கடைசியாக வாசித்த பத்திரிகை அது.

இப்போது நாங்கள் லயத்தில் இருக்கிறோம். விடியற்காலையில் அப்பா பெரட்டுக்குப் போகிறார். அம்மா கொழுந்து எடுக்கப் போகிறாள். நான் ஸ்டோரில் பெட்டிகளுக்கு இலக்கம் எழுதுகிறேன். கரத்தையையும் மாடுகளையும் விற்ற பணம் துரையின் கணக்குக்குப் போதவில்லை. அம்மா காதிலிருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். எல்லாம் சேர்த்துத் துரைக்குக் கட்டியது முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.