இரண்டு அளவுக் கால்களுக்கு ஒரே ஜோடி: பாகாயத்திலிருந்து ஆம்பூருக்கு

வேலூருக்குப் படிக்க வந்து ஏழு மாதம் ஆகிறது. ஊர் மலேசியாவில் தைப்பிங், படிப்பு இயன்முறை மருத்துவம். போன ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக ஆம்பூருக்குக் கிளம்பியதற்குக் காரணம் ஒரு ஜோடி கறுப்பு ஷூ. திங்கள் காலை முதல் எங்களுக்கு வார்டில் பயிற்சி. மூடிய கறுப்பு ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். என்னுடையது வியாழக்கிழமையே அடி பிளந்துவிட்டது.

கடையில் வேறு வாங்கலாமே என்பீர்கள். பிறக்கும்போதே என் இடது கால் உள்பக்கம் வளைந்திருந்தது. மூன்று அறுவைச் சிகிச்சைகளில் நேராகிவிட்டது. ஆனால் வலது கால் ஏழாம் நம்பர், இடது ஐந்து, அதுவும் அகலம். ஊரில் அம்மா எப்போதும் இரண்டு ஜோடி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு ஷூவை எடுத்து எனக்குத் தருவார். அப்படியும் இடது கால் பக்கவாட்டில் நெருக்கும். பழகிக்கொண்டேன்.

பழகிக்கொள்வதில் நான் கெட்டிக்காரி. வந்த முதல் வாரம் அறைத்தோழி ஹேமாவிடம், "தண்ணி கலக்கித் தரவா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் டீ, காப்பி எல்லாமே தண்ணிதான். இங்கே தண்ணி என்றால் வேறு! விடுதியே ஒரு வாரம் சிரித்தது. அதிலிருந்து வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டேன். ஆட்டோவுக்கும் கடைக்கும் ஹேமாதான் பேசுவாள். யார் என்ன கேட்டாலும் என் பதில் "பரவாயில்லை".

இந்த முறை ஹேமா ஊருக்குப் போயிருந்தாள். "கால் சரியில்லைன்னு லெட்டர் எழுதிக் கொடு, வார்டுக்குப் பதிலா ஒரு மாசம் ரெக்கார்டு ரூம்ல உட்கார வெச்சிடுவாங்க" என்று ஒரு சீனியர் ஆலோசனை சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆட்களை நடக்க வைக்கக் கற்றுக்கொள்ளத்தான் கடல் தாண்டி வந்தேன்.

எங்கள் விடுதி இருக்கும் பாகாயத்தில் காலை 7.10-க்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனாலும் சீட்டு தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். புதிய பேருந்து நிலையத்தில் மாறி, எட்டு மணிக்கு ஆம்பூர் பஸ். சுமார் ஐம்பது கிலோமீட்டர், 44 ரூபாய்.

பள்ளிகொண்டாவில் ஒரு அக்கா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும். மடியில் டிபன் பை. கேட்கலாமா வேண்டாமா என்று மூன்று ஊர் தாண்டும்வரை தயங்கிவிட்டுக் கேட்டேன். "அக்கா, ஆம்பூர்ல தனியா ஒரு ஜோடி ஷூ செஞ்சு தர்ற இடம் இருக்குங்களா?"

"இன்னாம்மா, சிலோனா நீ?"

"இல்லக்கா, மலேசியா." காலைப் பற்றியும் சொன்னேன்.

"ரெண்டு சைஸா? அவ்ளோதானே!" என்றார். பெயர் கலா. ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை. ஞாயிறு மட்டும் கம்பெனிகளுக்கு மாதிரி ஷூ செய்து தரும் ரஃபீக் பாய் என்பவரின் சாம்பிள் பட்டறையில் தைப்பார். "என்கூட வா. ஆனா நீதான் பேசணும். உன் காலைப் பத்தி நான் இன்னா சொல்றது?"

பட்டறை பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிட நடை. வாசலிலேயே பசையும் தோலும் கலந்த வாசனை. ரஃபீக் பாய் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நாளைக்கே வேணுமா? டைம் ரொம்ப கம்மிம்மா. பத்து நாள் கழிச்சு வா."

பரவாயில்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"பத்து நாள் முடியாது பாய். நாளைக்குக் காலைல நான் வார்டுல நிக்கணும். எவ்வளவு நேரமானாலும் இங்கயே உட்கார்ந்திருக்கேன்."

கலா அக்கா குனிந்து சிரித்துக்கொண்டார். பாய் ஒரு ஸ்டூலைக் காட்டினார். "காலைக் காட்டு."

வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் வெளியே யாருக்கும் நான் காட்டியதில்லை. காலுறையைக் கழற்றினேன். தழும்புகளைப் பார்த்து யாரும் 'ஐயோ' சொல்லவில்லை. பாய் தாளை விரித்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தார். "அஞ்சாம் நம்பர் லாஸ்டுல வெளிப்பக்கம் தோல் ஒட்டி அகலம் ஏத்திடலாம். இதுக்குப் போயி இன்னாத்துக்குப் பேஜார் ஆவுற?" லாஸ்ட் என்பது பாத வடிவ அச்சு. அதன்மேல்தான் ஷூவை இழுத்து உருவாக்குகிறார்கள்.

காத்திருந்த நேரத்தில் தெருமுனைக் கடையில் பிரியாணி, கத்தரிக்காயோடு. தனியாக உட்கார்ந்து, இரண்டு முறை கத்தரிக்காய் கேட்டு வாங்கினேன்!

மூன்றரைக்கு முதல் பொருத்தம். வலது கச்சிதம். இடது, சுண்டுவிரல் பக்கம் லேசாக நெருக்கியது. "சரியா இருக்கு பாய்" என்றேன்.

"பொய் சொல்ற," என்றார் கலா அக்கா மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். "குதிகால்லயே பாரத்தப் போட்டு நிக்கிற. எங்க இடிக்குது, சொல்லு."

இதை என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. சுண்டுவிரலைத் தொட்டுக் காட்டினேன். "இங்க இடிக்குது. நல்லா இடிக்குது." பாய் ஷூவைக் கழற்றி, பக்கத்தோலைப் பிரித்து, மறுபடி லாஸ்டில் ஏற்றினார்.

ஐந்து நாற்பதுக்கு எழுந்து நின்றேன். எங்கும் வலிக்கவில்லை. தெருக்கோடிவரை நடந்து திரும்பினேன். கடைசிப் பாதியில் ஓடினேன். இருபத்திரண்டு வயதில் எனக்கென்று செய்த முதல் ஜோடி. கலா அக்கா வாசலில் நின்று கத்தினார்: "மெதுவா! பசை இன்னும் காயல!"

போக நினைப்பவர்களுக்கு: விலை 1,800 ரூபாய் ஆனது. நான் போனது போல் கடைசி நாளில் போகாதீர்கள், இரண்டு வாரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பட்டறை இல்லை. தடித்த காலுறை போடுபவர்கள் அளவெடுக்கும்போது அதையே போட்டுக்கொண்டு போங்கள். இடிக்கிற இடத்தைச் சொல்லிவிடுங்கள். தமிழ் வேறு மாதிரி இருக்கிறதே என்று கூச்சப்படாதீர்கள், 'சிலோனா' என்று கேட்பார்கள், அதற்குமேல் ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை எனக்குக் கொடுத்த முதல் நோயாளி ஒரு லாரி டிரைவர். விபத்துக்குப் பிறகு எழுந்து நிற்கவே பயப்படுகிறவர். "நீ முன்னால நடந்து காட்டும்மா, நான் பாத்துக்கினே வர்றேன்" என்றார். ஆட்கள் என் நடையைப் பார்க்கக்கூடாது என்று எப்போதும் கடைசியில் போகிறவள் நான். அன்று வராந்தா முழுக்க அவருக்கு முன்னால் நடந்தேன். பின்னால் வாக்கரின் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.