பட்டியலில் இல்லாத பாட்டு

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஒரு சிறிய அரங்கின் பின்வாசல். அமெரிக்க ராக் குழுவொன்றின் வேனிலிருந்து பெட்டிகளை இறக்குகிறேன். ஊர் ஊராகச் சுற்றும் எனக்கு இது ஒருநாள் வேலை. ரயில் நிலைய பெஞ்சில் தூங்கிய முதுகு ஒத்துழைக்க மறுக்கிறது. கூட இறக்குபவர் யாழ்ப்பாணத்து ரவி அண்ணை. அகதி விடுதியில் இருந்த நாட்களில் இந்தக் குழுவின் முதல் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவர். அன்று மைதானங்களை நிறைத்த குழு, இன்று ஒரே வேனில் வந்திருக்கிறது. இதுதான் கடைசிச் சுற்றுப்பயணமாம்.

மேடைத் தரையில் ஒட்டியிருக்கும் இன்றைய பாட்டுப் பட்டியலில் அண்ணைக்குப் பிடித்த பாட்டு இல்லை.

"பாடச் சொல்லிக் கேளுங்களேன், அண்ணை."

"ஏலாது. சாமான் தூக்கிற ஆக்கள் பாட்டுக்காரரிட்ட ஒண்டும் கேக்கப்படாது. நீ இண்டைக்கே ஓடிப்போயிடுவாய். நான் நாளைக்கும் வரவேணும்."

நரைத்த பாடகர் ஒலியைச் சரிபார்க்க மேடையேறுகிறார். அரங்கின் கடைசியில் நிற்கும் அண்ணையிடம், அங்கே கேட்கிறதா, எதைப் பாடிப் பார்க்கட்டும் என்று கேட்கிறார். அண்ணை என்னை ஒருமுறை பார்க்கிறார். பிறகு அந்தப் பாட்டின் பெயரைச் சொல்கிறார்.

பாடகர் சிரித்துக்கொண்டே தொடங்குகிறார். இரண்டாம் சரணத்தில் வரி மறந்து நின்றுவிடுகிறார். காலி அரங்கின் கடைசியிலிருந்து அண்ணை அந்த வரியை உரக்கப் பாடுகிறார். பாடகர் கண்ணை மூடி, அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறார்.