மக்கும் என்று புதைத்தது

சூசைரட்ணம் அண்ணன் இரும்புப் பல் வைத்த முள்ளைக் குத்தி மண்ணைப் புரட்டும் சத்தம் கேட்டால் எனக்கு வயிறு எரியும். ஏழு வருடமாக எரிகிறது. அவருடைய மரக்கறிப் பாத்தி மேலே, எங்கள் லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் விழும் பீலி கீழே. அந்த மண்ணுக்குள் ஊறி வருகிற தண்ணீர்தான் என் வீட்டுக் குடத்திலும் விழுகிறது.

டயகமப் பக்கம் முள்ளுக்குத்து வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தேயிலையில் கவ்வாத்து வெட்டிப் போட்ட மிலாறுக் குச்சிகளை முப்பது வருடம் மண்ணுக்குள் புதைத்த கை அது. வேலையை விட்ட பிறகு லயத்துக்குப் பின்னால் கறிமிளகாய் போட்டார். களை வராது, ஈரம் நிற்கும் என்று எவனோ கறுப்புப் பொலித்தீன் விற்றான். வாங்கிப் பாத்தி மேல் விரித்தார். காய் ஆய்ந்து முடிந்ததும் கிழிந்ததையெல்லாம் மிலாறு மாதிரியே முள்ளால் குத்தி உள்ளே தள்ளினார். போகத்துக்குப் போகம் இதே கதை.

"அதப் பொறக்கி எடுத்துருங்கண்ணே" என்று அப்போதே சொன்னேன்.

"மிலாறு மக்குதுல்ல? இதும் மக்கும். லொறி ஓட்டுற பயலுக்கு மண்ணப் பத்தி என்னடா தெரியும்?"

போன வருடம் கெம்பஸில் படிப்பிக்கிற ஆட்கள் வந்து மண்ணையும் தண்ணீரையும் போத்தலில் கொண்டுபோனார்கள். பொலித்தீன் வளைந்து கொடுக்கக் கலக்கிற மருந்து மண்ணில் கசிந்து ஊற்றுவரை இறங்கிவிட்டதாம். காய்ச்சினாலும் போகாதாம். பிள்ளைத்தாய்ச்சிகள் குடிக்கவே கூடாதாம். எங்களுக்கு வேறு பீலி இல்லை.

அன்றிலிருந்து அவர் ஒரு செடி நடவில்லை. விடிந்ததும் உரப்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்குவார். குத்துவார், புரட்டுவார், குனிந்து கறுப்புத் துண்டுகளைப் பொறுக்குவார். நகம் அளவு துண்டையும் விடமாட்டார். விரலில் தேய்த்து மோந்து பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவார். மண்புழுவுக்கு அவர் வைத்த பேர் தொரை.

"முன்ன ஒரு குத்துக்குப் பத்துத் தொரமாரு நெளிவாங்க. இப்பப் பாரு, அம்புட்டுப் பேரும் லீவு."

சொல்லிவிட்டு நான் சிரிக்கிறேனா என்று பார்ப்பார். நான் சிரிப்பதில்லை.

அவர் மகள் மெரினா கொழும்பில் இருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் பிள்ளை உண்டாகி இங்கே வந்து தங்கியவளுக்கு அது நிற்கவில்லை. டாக்டர் ஒரு காரணமும் சொல்லவில்லை. கெம்பஸ் ஆட்கள் சொன்ன பிறகு, இந்தத் தண்ணீர்தான் காரணம் என்று இவராகத்தான் பிடித்துக்கொண்டார். இப்போது மறுபடி ஏழு மாதம். பிரசவத்துக்கு வருகிற சனிக்கிழமை வருகிறாள். அவர் மனைவி றோசலின் அக்கா பழைய சேலைகளைப் பீலியில் அலசி, மடித்து வைத்துவிட்டார்.

நேற்றுக் காலை நான் குடத்தோடு நின்றபோது மேலேயிருந்து கூப்பிட்டார். போனேன். மண் கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்து, போனில் மகளின் இலக்கத்தை அழுத்தி என்னிடம் நீட்டினார்.

"வர வேணாம்னு நீ சொல்லுடா தம்பி."

"அப்பன் நீங்க இருக்கீங்க. நான் என்னண்ணே சொல்றது?"

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் முள்ளை எடுத்து, முதுகைக் காட்டிக்கொண்டு குத்த ஆரம்பித்தார்.

"கூர ஒழுகுதுன்னு சொல்லு. தண்ணியப் பத்தி மட்டும் வாயத் தொறந்துறாத."