இரண்டாவது ஆமென்

“…ஆமென் சொன்ன பிறகும் ஆக்கள் நிப்பாட்டாமக் கதைச்சுக்கொண்டு போனா, அதுக்குப் பேர் செபமில்ல மகள், எங்கட யூனியன் மீட்டிங்!”

இப்படிச் சொன்னவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். சொன்ன இடம் கொட்டாஞ்சேனையில் அவருடைய வீட்டு முன்னறை. இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். எதிரே கதிரை நுனியில் நானும் என் தம்பியும் உட்கார்ந்திருந்தோம். மன்னிப்புக் கேட்கப் போயிருந்தோம். தம்பிக்கு அவருடைய மகளைக் கட்டிக் கொடுப்பாரா, மாட்டாரா என்பது அன்றைக்கு அவர் சொல்லில்தான் இருந்தது. அவர் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. சிரித்துத்தானே அந்தக் கதிரை நுனிக்கு வந்து சேர்ந்திருந்தோம்!

முதலிலிருந்து சொல்கிறேன். நான் வெள்ளவத்தை, மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் சபை மண்டபம் இருக்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை பின்னேரம் அங்கே இளம் ஆட்கள் இருபது, இருபத்தைந்து பேர் கூடுவோம். மெதடிஸ்த, அங்கிலிக்கன், கத்தோலிக்கர் என்று எல்லாரும் உண்டு. இந்த நாட்டில் நாங்கள் எல்லாரும் சேர்ந்தாலும் கொஞ்சப் பேர்தான். ஒஃபிசில் எங்களை ஒரே பெயரில் ‘கிறிஸ்டியன் ஆக்கள்’ என்று சொல்லிவிடுவார்கள். உள்ளுக்குள்தான் நீ எந்தக் கோயில், நான் எந்தச் சபை என்ற கேள்வியெல்லாம். அந்தக் கேள்வியை ஒரு மணித்தியாலம் வாசலில் கழற்றி வைப்போம் என்று தொடங்கியதுதான் இந்தக் கூட்டம். நடத்துவது நான்.

கதிரைகளை வட்டமாகப் போட்டு நடுவில் மெழுகுதிரி வைப்போம். தமிழில் ஒரு பாட்டு, சிங்களத்தில் ஒரு பாட்டு, ஒரு வாசிப்பு. பிறகு பத்து நிமிடம் மௌனம். மௌனம் என்றால் வெள்ளவத்தை மௌனம். ஒரு பக்கம் கோயில் மணி, மறுபக்கம் பாங்கு, இடையில் மருதானைக்குப் போகிற ரயில், காலி வீதி பஸ்காரரின் ஹோன். முதல் தடவை வந்த ஒரு பிள்ளை மௌனம் முடிந்ததும் என் காதுக்குள், “அக்கா, இங்க ஹோன் அடிக்காம இருந்தது கடவுள் மட்டும்தான்” என்றாள். இப்படிக் கதைக்கிற ஆட்களை விட்டுவிட எனக்கு மனம் வராது. அவளைப் பிடித்து வைத்துக்கொண்டேன். என் தம்பியும் பிடித்து வைத்துக்கொண்டான் என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அவள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பிள்ளை. கப்பல் கொம்பனி ஒன்றில் கிளார்க். விஷயம் அவளுடைய டடாவின், அதுதான் அந்தக் கிரேன்காரரின், காதுக்குப் போனபோது அவர் சத்தம் போடவில்லையாம். “பெடியன் நல்ல பெடியன் எண்டு கேள்விப்பட்டன். ஆனா நீ போற இடத்தில ஒரு செபத்தையாவது ஒண்டாச் சேர்ந்து சொல்லலாமா? அதைப் பாத்திட்டுத்தான் நான் வாய் திறப்பன்” என்று மட்டும் சொன்னாராம். பார்ப்பதற்கு அடுத்த மாதக் கூட்டத்துக்கே வருகிறேன் என்றும் சொல்லிவிட்டார்.

அந்த மாதம் நான் பட்ட பாடு! இரண்டு பக்கமும் இடிக்காத பாட்டு, இடிக்காத வாசிப்பு என்று தேடித் தேடி வைத்தேன். முடிவுக்குப் பரமண்டல ஜெபம். ஆண்டவரே கற்றுத் தந்தது, எல்லாருக்கும் பொது, அதில் என்ன கரைச்சல் வரப்போகிறது?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் ஜெபம் என்று எழுதுவதை அவர்கள் செபம் என்று எழுதுவார்கள். நாங்கள் ‘பிதாவே’ என்று தொடங்குவதை அவர்கள் ‘தந்தையே’ என்று தொடங்குவார்கள். அதெல்லாம் பத்துப் பேர் சேர்ந்து சொல்லும்போது கலந்துவிடும். கலக்காதது முடிவுதான். தீமையிலிருந்து காக்கச் சொல்லிக் கேட்கிற இடத்தில் அவர்கள் ஆமென் சொல்லி முடித்துவிடுவார்கள். நாங்கள் அதே மூச்சில் ராஜ்யம், வல்லமை, மகிமை என்று இன்னும் ஒரு வரி போய்த்தான் நிற்போம்.

அவர் வெள்ளை நீளக்கைச் சேர்ட் போட்டு, தலை வாரி, எனக்கு நேரெதிரே உட்கார்ந்திருந்தார். பாட்டு நன்றாகப் போனது. மௌனம் நன்றாகப் போனது. அவர் முகம் இளகுவதைக்கூடப் பார்த்தேன். எல்லாரும் எழும்பி நின்று பரமண்டல ஜெபம் சொன்னோம். அந்த இடம் வந்தது.

“ஆமென்!”

கிரேன் உச்சியிலிருந்து கீழே நிற்கிறவனுக்குக் கேட்க வேண்டிய குரல் அது. மண்டபமே ஒரு தரம் அதிர்ந்தது. ஆனால் வேறு ஒருவரும் நிற்கவில்லை, எல்லாரும் ராஜ்யத்துக்குப் போய்விட்டோம். சிலுவை அடையாளம் போடத் தூக்கிய அவருடைய கை இடது தோளடியில் அப்படியே நின்றது. நான் சிரித்துவிட்டேன். பதற்றத்தில் சிரிப்பு வருகிற கெட்ட பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அது சாட்டுத்தான், நியாயமில்லை. நடத்துகிறவளே சிரித்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? வட்டம் முழுக்கச் சிரிப்புப் பரவியது. அவர் கையை வலது தோளுக்குக் கொண்டுபோய் அடையாளத்தை முடித்தார். பிறகு மகளைப் பார்த்து, “வா மகள், பஸ் போயிரும்” என்றார். அவ்வளவுதான்.

ஒரு கிழமையாகத் தம்பிக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளை அவனுடைய ஃபோன் கோலை எடுக்கவில்லை. என்னுடைய கோலை எடுத்தாள்.

“நீங்க சிரிச்சதைக்கூட விடுங்கோ அக்கா” என்றாள். “நாங்க வந்த நாளில இருந்து உங்களோட சேர்ந்து அந்தக் கடைசி வரியையும் சொல்லிக்கொண்டுதானே வாறம். நாங்க எந்த இடத்தில நிப்பாட்டுறனாங்க எண்டு ஒரு நாளாவது கேட்டனீங்களா?”

கேட்கவில்லை. எங்களுக்குள் வித்தியாசமே இல்லை என்று போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவள் நான். வித்தியாசம் தெரியாமல் போனதற்குக் காரணம், அந்தக் கத்தோலிக்கப் பிள்ளைகள் மாதா மாதம் தங்கள் ஆமெனை விழுங்கிக்கொண்டு எங்களோடு இழுபட்டு வந்ததுதான். அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. வெள்ளவத்தையில் ஒரு கேக் வாங்கி, புறக்கோட்டையில் பஸ் மாறி, கொட்டாஞ்சேனையில் போய் இறங்கினோம். கேக் மேசையில் பிரிக்காமல் இருந்தது. எங்களுக்கு வந்தது பிளேன்டீ. விருந்தாளிக்குப் பால் இல்லாத தேத்தண்ணி வந்ததைக் கண்டதும் தம்பி என்னைப் பார்த்தான்.

யூனியன் மீட்டிங் என்று அவர் சொல்லி முடித்ததும், “பிழை என்னிலதான் அங்கிள், மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றேன்.

“மன்னிக்கிறது இருக்கட்டும். அந்த மிச்ச வரி எங்களுக்குத் தெரியாததில்ல. பூசையில ஃபாதர் நடுவில ஒரு செபம் சொன்ன பிறகு நாங்களும் சொல்றதுதான். வீட்டில ஆமெனோட சரி. ஒராளாவது முன்னுக்கே சொல்லியிருந்தா நானும் இழுத்துக்கொண்டு வந்திருப்பன்.” சட்டென்று தம்பி பக்கம் திரும்பினார். “அண்டைக்கு நீர் மட்டும் சிரிக்கேல்ல. ஏன்?”

“பயத்தில, அங்கிள்.”

“ம். அது இருக்கட்டும். கலியாணத்துக்குப் பிறகும் உதவும்.”

உள்ளே குசினியில் யாரோ இருமிச் சிரிப்பை மறைத்தார்கள். ஆனாலும் அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குள் ஆறு மணியாகிவிட்டது. மாதா சுரூபத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளையின் அம்மா விளக்கேற்றினார். அவர்கள் வீட்டில் அது செபமாலை நேரம். “போறதெண்டாப் போகலாம், இருக்கிறதெண்டா இருக்கலாம்” என்றார் அவர். இருந்தோம். முழங்காலில் நின்றோம்.

செபமாலையில் அதே பரமண்டல ஜெபம் ஆறு தரம் வருமாம். முதல் பாதியை அவர் சொல்ல, மறுபாதியை வீட்டார் சேர்ந்து சொல்ல வேண்டும். ஆமெனோடு நில், ஆமெனோடு நில் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் தரம் வந்தது. எல்லாரும் ஆமென் சொல்லி முடித்தார்கள். என் வாய் மட்டும் முப்பது வருடப் பழக்கத்தில் தன்பாட்டில் ஓடியது. “ராஜ்யமும் வல்ல…”

அந்தச் சின்ன அறையில் தனியாக என் குரல். பாதியில் நின்றேன். நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்றைக்குச் செபமாலை முடிந்த பிறகு கேக் வெட்டுப்பட்டது, பால் தேத்தண்ணி வந்தது. அடுத்த தையில் கலியாணமும் நடந்தது. எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் இப்போது அந்த இடம் வந்ததும் எல்லாரும் சேர்ந்து ஆமென் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, பிறகுதான் மிச்சத்தைச் சொல்லி இன்னொரு ஆமெனோடு முடிக்கிறோம். ஏன் இரண்டு ஆமென் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். சேர்ந்து ஜெபிப்பது என்றால் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரிந்த ஒரே விளக்கம் அதுதான், அதனால் கேட்கிற எல்லாருக்கும் அதையே சொல்கிறேன்: நான் பாதியில் சிக்கி நின்றபோது அந்தக் கிரேன்காரர் திரும்பிப் பார்க்கவில்லை, விரலை அடுத்த மணிக்கு நகர்த்தவில்லை. “மிச்சத்தையும் சொல்லும் மகள்” என்று மெல்லச் சொல்லிவிட்டு, நான் கடைசிச் சொல்வரை போய்ச் சேரும்மட்டும் காத்திருந்தார். பிறகு, மண்டபத்தை அதிர வைத்த அதே குரலில், எனக்காக இரண்டாவது தரம் ஆமென் சொன்னார்.