கம்பைத் தூக்கி வைத்தது யார்

பாராட்டியே என்னைத் தனியாளாக்கினீர்கள், மேனேஜர் சார்.

திருப்பூர் மண்ணரையில் நீங்கள் நடத்திய பனியன் கம்பெனியில் நான் ஓவர்லாக் டெய்லர். டீசர்ட்டின் தோளையும் பக்கங்களையும் சேர்த்துத் தைக்கிற வேலை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள். ஊரில் மாதா கோவில் திருவிழா என்று லீவு கேட்டு உங்கள் முன்னால் நின்றேன். "சரக்கு அவசரமா போகணும். இன்னிக்கே உன் பங்கு பீஸை முடிச்சிட்டுக் கிளம்பு" என்றீர்கள்.

வரிசையாக மிஷின் போட்ட எங்கள் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் பேசி வைத்ததில்லை. யாருடைய கை மெதுவோ, அவர் வேகத்துக்குத்தான் எல்லாரும் தைப்போம். எனக்குப் பின் மிஷினில் இருந்த உள்ளூர் அக்காவுக்குத் தோள்வலி. அவர் கைதான் எங்கள் அளவு. மதியம் எனக்கும் சேர்த்துக் குழம்பு கொண்டுவருவார். திருப்பூரில் எனக்கென்று இருந்தது அவர் ஒருத்தர்தான்.

அன்றைக்கு அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வேகம் பிடித்தேன். "ஒரு நாளைக்குத்தான கண்ணு, தைச்சுட்டுப் போ. வரும்போது உங்கூர் கருப்பட்டி மிட்டாய் கொண்டா" என்றார். சாயங்காலம் முடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

திரும்பி வந்த காலையில் நீங்கள் லைனை நிறுத்தி, என்னை எழுந்து நிற்கச் சொன்னீர்கள். "ஷீ ஹேஸ் ரைஸ்டு த பார்" என்றீர்கள். எல்லாரும் கை தட்டினார்கள். அர்த்தம் தெரியாமல் நானும் தட்டினேன். பிறகு, ஒரு நாளைக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் இருந்த டார்கெட்டை அழித்துவிட்டு, நான் அந்த ஒரு நாள் தைத்த கணக்கை எல்லாருக்கும் எழுதினீர்கள்.

கேட் பக்கம் ஒரு ரூபாய் போனுக்காக நின்றபோது, ஆபீஸ் பெண்ணிடம் அர்த்தம் கேட்டேன். "உயரம் தாண்டற போட்டி பார்த்திருக்கீங்களா? அந்தக் கம்பை இன்னும் மேல ஏத்திட்டீங்கன்னு அர்த்தங்க. ரொம்ப நல்லா செஞ்சவங்களைச் சொல்றது. நல்ல வார்த்தைதானுங்க."

நல்ல வார்த்தைதான். அதற்கப்புறம் மதியம் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. "ஏனுங்க முதலாளியம்மா, நாளைக்கு டார்கெட் எவ்வளவுங்க?" என்று ஒருத்தி கேட்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். அக்கா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. புது டார்கெட்டை எட்டிப் பிடிக்கப் பார்த்தார், முடியவில்லை. அவரை நூல் வெட்டுகிற இடத்துக்கு மாற்றினீர்கள். கொஞ்ச நாளில் வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். போவதற்கு முன், நான் கொடுத்த மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரிக்காமலே என் மிஷின் மேல் வைத்தார். "எனக்கு வேண்டாங் கண்ணு. நல்லா இரு."

ஊருக்கு போன் போட்டால் அம்மா முதலில் கேட்பது, "யாரோட சாப்பிட்ட?" என்பதுதான். "அக்காவோட" என்பேன். அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினால் மறுநாள் காலை வரைக்கும் வாயைத் திறக்க வேலையில்லை. வேறு லைன் மாறினேன், வேறு கம்பெனி மாறினேன். அங்கேயும் என் பேர் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

அந்த வார்த்தையைப் பிறகு எங்கும் கேட்டேன். டிவியில் கிரிக்கெட்காரனுக்குச் சொன்னார்கள், கம்பெனி விழாக்களில் கோட்டு போட்டவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஒரு நாள் டிவியில் உயரம் தாண்டுகிற போட்டியையும் பார்த்தேன். தாண்டுகிற பெண் ஓடிவந்து தாண்டுகிறாள், மெத்தையில் விழுகிறாள், எழுந்து போகிறாள். கம்பில் அவள் கை படவே இல்லை. இரண்டு பக்கமும் நிற்கிற ஆட்கள்தான் அதைத் தூக்கி வைக்கிறார்கள். அதை லைனில் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. என்னோடு பேச அப்போது ஆளில்லை.

நீங்கள் இன்றைக்கு மேடை ஏறிப் பேசுகிற பெரிய மனிதர். அடுத்த மேடைக்கு அந்த லைனில் இருந்தவர்களைக் கூப்பிடுங்கள். அந்த அக்காவை முன்வரிசையில் உட்கார வையுங்கள். மைக்கைப் பிடித்துத் தமிழில் பதில் சொல்லுங்கள்: அந்த போர்டில் டார்கெட்டை மாற்றி எழுதிய கை என்னுடையதா, உங்களுடையதா?