தெம்புஸ் என்றால் காலம்

யுத்த காலத்தில் ராஜபாளையம் பஞ்சாலை ஒன்றில் அவரும் நானும் குமாஸ்தாக்கள். அவர் கத்தோலிக்கச் சாமியாருக்குப் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பியவர். கொண்டுவந்தது கொஞ்சம் லத்தீன், நிறையத் திமிர். வெள்ளைக் கோட்டில் ஒரு கசங்கல் இருக்காது. உட்காரும் முன் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைப்பார், தொழிலாளி எவனோ உட்கார்ந்து எழுந்ததுபோல.

வேலைக்கு வரும் பெண்களிடமிருந்து, வேலைக்கு அடையாளமான பித்தளை டோக்கனைச் சில மாதத்துக்கு ஒருமுறை பிடுங்கிக்கொள்வார். ஒரு வாரம் நிறுத்திவைத்து, புது ஆளாகச் சேர்ப்பார். அப்படிச் செய்தால் யாரும் நிரந்தரம் கேட்க முடியாது.

வன்னியம்பட்டிக்காரி ஒருத்தி கேட்டுவிட்டாள். "எம்புட்டு வருசமா இதே மிசின்ல நிக்கேன். இன்னும் நான் டெம்பரரியாய்யா?"

அவர் கண்களை மூடிக்கொண்டார். "அது லத்தீன்ல இருந்து வந்த வார்த்தைம்மா. தெம்புஸ்னா காலம். காலத்துக்குள்ள இருக்கற எல்லாமே டெம்பரரிதான். நீ, நான், இந்த மில்லு, எல்லாம்."

"அந்தப் பாஷை பேசுனவுக இப்ப எங்கய்யா இருக்காவ?"

"எப்பவோ போய்ச் சேந்துட்டாவ."

"போயும் போயும் அத ஒங்ககிட்டயா குடுத்துட்டுப் போனாவ?"

டோக்கனை மேசையில் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். அவர் அதைக் கைக்குட்டையால் எடுத்து டிராயரில் போட்டார்.

அந்த வாயில் தெம்புஸ் என்ற அந்தச் சொல் மட்டும் எப்படி அவ்வளவு இனிமையாக வந்தது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.